வட்டம் விழாத தட்டு

அந்தக் கல்ச்சர் தட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். பயம் மறுநாள்தான் வந்தது.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளியின் கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே பொட்டு அளவு மருந்து டிஸ்க்குகளை வைப்போம். மருந்து கேட்குமானால், மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். அன்று பன்னிரண்டு டிஸ்க் வைத்திருந்தேன். ஒரு வட்டம்கூட விழவில்லை.

ஃபிரிட்ஜைத் திட்டினேன். சாரல் சீசனில் கரண்ட் போய்ப் போய் வரும். டிஸ்க் கெட்டிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். தப்பு ரிப்போர்ட் கொடுத்துப் பேரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று, யாரிடமும் சொல்லாமல் மறுபடி போட்டேன். கூடவே, டிஸ்க்கைச் சோதிக்கவென்று லேபில் வைத்திருக்கும், எல்லா மருந்துக்கும் அடங்கும் சாதுக் கிருமிக்கும் ஒரு தட்டு.

மறுநாள் சாதுக் கிருமியின் தட்டில் அச்சடித்த மாதிரி வட்டங்கள். நோயாளியின் தட்டு பழையபடியே. டிஸ்க்கில் குற்றமே இல்லை. கிருமிதான் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்று புரிந்ததும் பயம் வந்தது.

நோயாளி வடகரை மாரியம்மாள், முப்பது வயது. நீர்க்கடுப்பில் தொடங்கி, கிருமி ரத்தத்தில் ஏறி, பிரஷர் இறங்கி ஐ.சி.யூ.வில் கிடந்தாள். டாக்டரம்மாவிடம் ஓடி, நேற்றைய தட்டையும் சேர்த்துச் சொன்னேன்.

"நேத்தே தெரியுமா? ஏன் செல்வி சொல்லல? கேக்காத ஊசியப் போட்டு ஒரு நாள ஓட்டிட்டேனே!"

அந்தப் பன்னிரண்டில் சேராமல் மிச்சமிருந்தது ஒரே ஊசி. கிட்னியைக் கெடுக்கும் என்று கடைசிக்கு வைத்திருப்பது. அதைப் போட்டார்.

வாசலில் அவள் புருஷன் கணேசன் நின்றான். "அக்கா, எந்த மருந்து கேக்கும்னு பேப்பர்ல வந்துட்டுல்லா?"

பேப்பரில் பன்னிரண்டு வரியிலும் 'கேட்காது'. முன்பு என்ன மாத்திரை கொடுத்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"கடுப்பு வாரப்பல்லாம் கடையில வாங்கிக் குடுப்பேங்க்கா. ரெண்டு நாள்ல நின்னுரும். மிச்சத்த அடுத்த தடவைக்குன்னு எடுத்து வச்சிக்கிடுவா."

திட்ட வாயெடுத்தேன். தொண்டை வலிக்கு வாங்கி, பாதி தின்ற மாத்திரை அட்டை என் கைப்பையிலேயே கிடந்தது. பாதியில் நிறுத்தினால் தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று தெரிந்த எனக்கே இந்த லட்சணம்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குப் போகும்போது மாரியம்மாள் கேட்டாள்: "இனி பயமில்லல்லாக்கா?"

"மறுபடி கடுத்தா கடைக்குப் போவாத. நேரா இங்கன வா" என்றேன். வந்தால், இந்த ஊசியும் கேட்காவிட்டால் என்ன செய்வது? அது எங்கள் யாருக்கும் தெரியாது. இன்றும் அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

லேபுக்கு வரும் பிள்ளைகளே, நம்ப முடியாத தட்டு வந்தால் முதலில் டாக்டருக்குப் போன் போடுங்கள். சோதனையை அப்புறம் மறுபடி செய்யலாம். மாரியம்மாள் பிழைத்ததில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. நான் தொலைத்த ஒரு நாளை அவள் உடம்பு தாங்கிவிட்டது, அவ்வளவுதான்.