கொண்டைக்குருவிக்கு எண்ணெய் தேய்த்தவன்

எட்டாம் வகுப்பு வரைக்கும் வாத்தியார்கள் என் முதுகில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் ஊரார் முதுகில் கை வைக்கிறேன். சீசன் சமயத்தில் ஐந்தருவிப் பக்கம் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் என் வேலை.

போன ஆனியில் ஒரு காலை. விழுவதா நிற்பதா என்று முடிவு செய்யாமல் சாரல் காற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. பலகையில் குப்புறக் கிடந்தவர்கள் எல்லாம் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். தேய்க்கிற எனக்கும் பாதித் தூக்கம்தான்.

பின்னால் இருந்த மரத்தின் ஒரு கிளை காற்றில் முறிந்து தரையில் கிடந்தது. அதற்கடியில் ஒரு கொண்டைக்குருவி செத்துக் கிடந்தது. பக்கத்திலேயே, கவிழ்ந்த கூட்டை ஒட்டி, அதன் குஞ்சு. பாதி இறகு, பாதி தோல். வால் இருக்கவேண்டிய இடத்தில் நாலு குச்சி. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தது. இன்னொரு பெரிய குருவி தேடி வருமா என்று மதியம் வரை பார்த்தேன். வரவில்லை. குஞ்சு நடுங்கத் தொடங்கியிருந்தது.

குளிரில் நடுங்குகிற ஆள் வந்தால் நான் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். இளஞ்சூடாக நல்லெண்ணெய் எடுத்து, விரல் நுனியால், தலையிலிருந்து வால் வரைக்கும் அக்கறையாகத் தேய்த்துவிட்டேன். குஞ்சு கண்ணை மூடிக்கொண்டது. சுகத்தில் தூங்குகிறது என்று எனக்குப் பெருமை.

பக்கத்தில் சீயக்காய்ப் பாக்கெட்டும் சோப்பும் விற்கிற அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“யக்கா, புது கிராக்கி. துட்டு கேட்டா வாயத் தொறந்து காட்டுது.”

அவள் சிரிக்கவில்லை. குஞ்சை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னலே இது, பொரிக்கப் போறியா?”

“குளிருச்சுக்கா. அதான் லேசா...”

“கோட்டிக்காரப் பயலே. எறகுல எண்ணெ ஏறுனா தண்ணி நேரா உள்ள போயிரும்லா. எங்க வீட்டுக் கோழி ஒண்ணு எண்ணெ டின்னுக்குள்ள விழுந்துட்டு மழையில நனைஞ்சுது. மறுநாள் எந்திரிக்கல. இது இன்னைக்குப் பொழுதே தாங்காது.”

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இறகெல்லாம் கொத்துக் கொத்தாக ஒட்டி, நடுவே சிவப்புத் தோல் தெரிந்தது. சாரல் அதில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அது தூங்கவில்லை. விறைத்துக்கொண்டிருந்தது.

அக்கா டீக்கடையில் வெந்நீர் வாங்கிவந்து சீயக்காய்த் தூளைக் கொஞ்சம் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு டம்ளரில் ஊற்றினாள்.

“மொதல்ல ஒங் கையக் கழுவுலே. அதுவே எண்ணெச் சட்டி மாதிரி இருக்கு.”

மூன்று தடவை கழுவினேன். பிறகு குஞ்சைக் கழுவினோம். துண்டில் ஒற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத் தென்காசி பஸ்ஸில் ஏறினேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே வயல்கள் பச்சை நிறமாக மட்டும் ஓடின. என் நெஞ்சு ஒரு முறை அடிப்பதற்குள் அதன் நெஞ்சு பலமுறை அடித்தது. அது நின்றுவிடுமோ என்று மேலகரம் தாண்டும் வரை நான் அசையவே இல்லை. நிற்கவில்லை.

எண்ணெய் முழுதாகப் போகவில்லை. இன்னும் இரண்டு நாள் கழுவினேன். அரை மணிக்கு ஒரு தரம் பப்பாளித் துண்டு, பிய்த்த வெட்டுக்கிளி. அதைத் தொடுகிற கையால் எண்ணெயைத் தொடக்கூடாது என்று வேலைக்கே போகவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் போன் போட்டார்கள். “என்ன மாப்ள, பிரசவ லீவா? சுகப்பிரசவம்தான?” இத்தனை வருடம் நான் பண்ணிய கேலிக்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காலையில் எழுந்ததும் அதன் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். சொட்டு உள்ளே இறங்கிவிடும். உடனே துடைத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொள்வேன். குஞ்சு நாள் முழுக்க அலகால் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. நான் செய்து வைத்த தப்பை ஒவ்வொரு இறகாக அதுவே சரிசெய்வது போல இருந்தது. தலையில் கொண்டை எழுந்தது. வாலுக்கடியில் சிவப்பு தெரிந்தது. ஒருநாள் சொட்டு இறங்காமல் முதுகில் பாசிமணி மாதிரி நின்றது. நின்று, உருண்டு, என் விரலில் விழுந்தது.

வீட்டுக்குள் நன்றாகப் பறக்கத் தொடங்கிய பிறகு ஐந்தருவிக்கே கொண்டுபோனேன். கையைத் திறந்தேன். டீக்கடைத் தகரத்தில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து மரத்துக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாரல் வலுத்தது.

“எறங்கச் சொல்லுக்கா. நனைஞ்சிரும்.”

“குருவி நனையாம ஒன்னய மாதிரி கொடையா பிடிக்கும்? போய்ச் சோலியப் பாருலே.”

போனேன். செங்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் பலகையில் படுத்திருந்தார். பல நாள் கழித்துக் கையில் எண்ணெய் ஊற்றினேன். மலை மறுபடியும் காணாமல் போயிருந்தது.

“தம்பி, எங்க பாக்கீரு? எண்ணெ காதுக்குள்ள போவுது.”

“மழை கூடுதான்னு பாக்கேன் அண்ணாச்சி.”

மரத்தின் உள்ளே, இலைக்கு நடுவில், ஏதோ ஒன்று உடம்பை உதறியது. நீர் சிதறியது. எந்தக் குருவி என்று தெரியவில்லை.