இல்லாத இடத்தின் நிர்வாகி

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் ஒரு பெட்டியை நான் ஆள்கிறேன். எங்கள் தொழிற்சாலையின் தரவுகள் மொத்தமும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. ஆள்கிறேன் என்று சொன்னது கொஞ்சம் அதிகம். காலையில் பிரௌசரைத் திறந்து, கடவுச்சொல்லை ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை சரியாகவும் அடித்து, அந்தப் பக்கத்தில் பச்சை வட்டம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் தே தாரேக் குடிக்கக் கீழே இறங்கிவிடுவேன். பெட்டியை நேரில் பார்த்தது ஓரிரு தடவைதான். குளிரூட்டிய அறையில் இரைச்சல் போட்டுக்கொண்டு நின்றது. என்னை அதற்கு அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

விசிட்டிங் கார்டில் ஸ்டோரேஜ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டிருக்கும். என் மாமியார் வெகுகாலம் நான் ஏதோ கிடங்கில் வேலை செய்வதாகவே நினைத்திருந்தார். பழைய அலமாரி ஒன்றை அங்கே கொண்டுபோய் வைக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டு, அது அந்த மாதிரி இடம் இல்லை என்று அவருக்கு விளக்கினாள்.

இதுதான் என் வியாதி. யார் எதைக் கேட்டாலும் வாய் முந்திக்கொண்டு ஆகும் என்று சொல்லிவிடும். பெயரைச் சொல்லிக் கேட்டால்கூட ஒருவேளை விதிமுறை பேசியிருப்பேன். எங்கள் அலுவலகத்தில் யார் பெயரைச் சொல்கிறார்கள்? "அண்ணே, கொஞ்சம் எடம் குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அண்ணன் என்று ஆன பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தச் சூட்சுமத்தை மலாய்க்காரர்களும் சீனர்களும் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். தமிழில் வேறு ஒரு சொல் தெரியாத வடிவமைப்புப் பிரிவுத் தலைவர்கூட, இடம் வேண்டும்போது மட்டும் தொலைபேசியில் தேன் ஒழுக அண்ணே என்பார். மற்ற நாட்களில் அவருக்கு நான் மிஸ்டர்தான்.

என் வியாதிக்குத் தோதாக அந்தப் பெட்டியிலும் ஒரு வசதி இருந்தது. உள்ளே இருப்பதைவிட அதிக இடத்தை ஆட்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். கல்யாணத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிட்டுவிட்டு ஐந்நூறு பேருக்குச் சமைப்பது மாதிரிதான். எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அது நடக்கிறது. திரையில் ஒரு பட்டை இருக்கும். அதைச் சுட்டெலியால் வலப்பக்கம் இழுத்தால் போதும், கேட்டவருக்கு இடம் கிடைத்துவிடும். எனக்கும் கர்ணன் மாதிரி ஒரு பூரிப்பு வந்துவிடும். கர்ணன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான் என்பது மட்டும்தான் வித்தியாசம். நான் கொடுத்தது எவ்வளவு, உண்மையில் இருப்பது எவ்வளவு என்பதைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் காட்டியிருப்பார்கள். என் கண்ணாடியோ தூரப்பார்வைக்கானது.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். பைராம் தோட்டத்துப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருவார். புதிதாகச் செய்த மின்பலகைகளைச் சூட்டு அறையில் வைத்து, நாள் கணக்கில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. அளவுகள் நிமிடத்துக்கு நிமிடம் என் பெட்டியில் வந்து சேர வேண்டும். இடையில் கொஞ்சம் விட்டுப்போனாலும் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வாடிக்கையாளரின் விதி. முடிவில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடக்கூடிய இன்னொருவர் பிரசவ விடுப்பில் இருந்தார்.

அந்த முறை சோதனை தொடங்குவதற்கு முன்பே அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். மகளுக்குக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை சோதனை முடியும், வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

"டிக்கெட் போட்டாச்சுண்ணே. அதான் கேக்குறேன். டெஸ்ட் முடியிற வரைக்கும் எடம் பத்தும்தானே?"

அப்போது என் ஒரு கையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் இருந்தது. கணினி எதிரிலேயேதான் இருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தாராளமா இருக்குலா. நீங்க நிம்மதியா பெட்டிய கட்டுங்க" என்றேன். அவர் குரலில் தெரிந்த நிம்மதியைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

பெட்டி என்னை எச்சரிக்காமல் இல்லை. அந்த வாரம் பச்சை வட்டத்தின் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. அதன் கீழே, எச்சரிக்கையைப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினேன், முக்கோணம் போய்விட்டது. மறுநாள் திரும்ப வந்தது, திரும்ப அழுத்தினேன். மனைவி சமையலறையிலிருந்து ஏதாவது சொல்லும்போது செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் உம் கொட்டுவேனே, அதற்கு ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் வட்டம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. வடிவமைப்புப் பிரிவு, உற்பத்திப் பிரிவு, கணக்குப் பிரிவு என்று நான் அழைத்திருந்த அத்தனை பேரும் அந்த வாரம் பார்த்துப் பந்திக்கு வந்துவிட்டார்கள். பெட்டி நிரம்பிவிட்டது. இனி ஒரு எழுத்துகூட உள்ளே போகாது. அதே நேரம் சோதனைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது.

அளவுகள் சேமிக்கப்படவில்லை என்று இயந்திரம் சொல்வதாக அவர் சொன்னார். மதியம் வரைக்கும் அதுவே தன்னிடம் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் தாங்காது. "பிரச்சினைன்னா சொல்லிருங்கண்ணே. நான் வேற வழி பாக்குறேன்."

"சின்ன விஷயம்தாம்மா. இதோ ஆயிடும்" என்றேன். வேறு வழி என்றாரே, அது என்ன வழி என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தீப்பிடித்துவிட்டது என்று கத்த வேண்டிய நேரத்தில், அலுவலக வாட்சப் குழுவில் நான் அனுப்பிய செய்தி இதுதான்: நேரம் கிடைக்கும்போது வேண்டாத கோப்புகளை நீக்கி உதவுங்கள். கூடவே ஒரு கும்பிடு. என் பெட்டி நிரம்பிவிட்டது என்று வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? வரிசையாகக் கட்டை விரல்கள் வந்தன. ஒருவர் மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டார். நல்ல மனசுக்காரரான வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் மட்டும், பாலிக் பூலாவில் டுரியான் பழம் தின்ற வீடியோக்களை எல்லாம் அழித்துவிட்டதாகத் தனியாக எழுதினார். அன்றைக்கும் அண்ணே என்றுதான் எழுதியிருந்தார்.

வட்டம் அசையவில்லை. ஏன் என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அந்தப் பெட்டி தினமும் தன்னைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். இன்று அழித்த டுரியான் நேற்றைய பிரதியில் கொட்டையோடு பத்திரமாக இருக்கும். பிரதிகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை முடிவு செய்தவனும் நான்தான். தப்பாக அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா அண்ணே என்று யாரோ எப்போதோ கேட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அதற்கான பட்டையையும் வலக்கோடி வரைக்கும் இழுத்து வைத்திருந்தேன்.

பழைய பிரதிகளை அழிக்கத் தொடங்கினேன். நிச்சயமாகவா என்று பக்கம் கேட்டது. நிச்சயம்தான் என்று ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து காட்ட வேண்டும். அவசரத்தில் அதையும் தப்பாக அடித்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டு, வேலை பின்னணியில் நடக்கிறது என்றது. நத்தை மாதிரி ஒரு கோடு நகர ஆரம்பித்தது. நடுவில் அவர் மறுபடியும் கூப்பிட்டார். கோட்டில் பாதிகூட வந்திருக்கவில்லை. ஆயிடுச்சும்மா என்று சொன்னேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் வட்டம் மஞ்சளுக்கு வந்தது. அளவுகள் திரும்ப உள்ளே வர ஆரம்பித்தன. நடுவில் கொஞ்ச நேரத்து அளவுகளை மட்டும் காணவில்லை. அந்தக் கொஞ்சம் போதும். சோதனை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவர் ஊரை விட்டு நகர முடியாது.

இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து போனேன். வழி நெடுக லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே, குற்றம் என்னுடையது மாதிரியும் தெரியாத, பெட்டியுடையது மாதிரியும் தெரியாத ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். நன்றாகவே வந்திருந்தது. சோதனை அறைக் கதவைத் திறந்ததும் மறந்துபோனது.

அவர் பலகைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். மேசை மேல் ஒரு லேப்டாப் மூடிக் கிடந்தது.

"பொட்டி ரொம்பிருச்சும்மா. நெறைய பேருக்கு குடுத்துட்டேன்" என்றேன்.

"காலையிலயே சொல்லியிருக்கலாம்ண்ணே. இந்த லேப்டாப்புல எறக்கியிருப்பேன். ஒரு கேபிள் மாட்டுனா போதும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். மகளோடு கணவரைப் போகச் சொல்லிவிட்டாராம். அவருக்கும் விவரம் தெரியும், பிரச்சினை இல்லை என்றார். பிறகு ஒரு பலகையைத் துடைத்தபடி, விடுதியில் மகளின் கட்டிலுக்குத் தன் கையால் விரிப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். புது விரிப்பு வாங்கிப் பயணப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறாராம்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தவித்தேன்.

"நான் மேனேஜர்கிட்ட பேசுறேம்மா. வாடிக்கையாளர்கிட்டயும் சொல்லி வைக்கிறேன். நாளைக்கு நீங்க ஏரோப்ளேன் ஏறுறீங்க, அதுக்கு நான் பொறு..."

அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"வேணாம்ண்ணே. நீங்க சொன்னா நான் நம்பிருவேன். வீட்டுக்குப் போயி மககிட்டயும் சொல்லிருவேன்."