வாய் பூட்டிக்கொண்ட நாளில் கேட்கப்பட்ட ஜெபம்

என்னைப் பிசாசு பிடித்துவிட்டது என்று என் சொந்தச் சபை ஜனமே சொன்ன ஒரு நாள் உண்டு, பிரியமானவர்களே. அன்றைக்கு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகி, ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம் இருக்கிற பங்காருபாளையத்துக்கு வந்த புதிது. வீட்டுக்காரருக்கு மாங்காய் மண்டியில் வேலை. எனக்குத் தலைப்பிள்ளை, மூன்றாம் மாசம். மசக்கை என்றால் அப்படியொரு மசக்கை! பச்சைத் தண்ணீர் குடித்தாலும் குடலைப் பிடுங்குகிற வாந்தி. பிள்ளை தங்குமா என்கிற பயத்திலேயே பாதி செத்தேன்.

அன்று காலையில் என் மாமியார் என்னைக் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனார். கம்பவுண்டர் வாந்தி நிற்க ஊசி போட்டார். கொஞ்சம் நின்று, மதியம் மறுபடி ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஓர் ஊசிக்கு அடங்காவிட்டால், அவருக்குக் கைராசி இல்லை என்று உடனே வேறொருவரிடம் போய்விடுவார்கள். முதலில் போட்ட ஊசியைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். சொன்னால் புது டாக்டர் கோபித்துக்கொள்வாராம். நாங்களும் அப்படியே வேறொரு டாக்டரிடம் போனோம். அவரும் வாந்திக்கு ஊசி போட்டார். இரண்டும் ஒரே மருந்து என்று எங்களுக்கென்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் என் கழுத்து தானாக ஒரு பக்கம் திருகிக்கொண்டது. நேராக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்கள் மேலே செருகின. தாடை இறுகிப்போனது. மாமியார் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

“உச்சி வெயில்ல தனியா தோப்புப் பக்கம் போய்க்கினு இருந்தா, அதான் புடிச்சிக்கிச்சி” என்றாள் ஒருத்தி.

சபை உபதேசியார் வந்தார். நல்ல மனுஷர். என் தலையில் கை வைத்து, “உன் பேரு இன்னா? சொல்லிட்டு வெளிய போ!” என்று அதட்டினார். நான் எப்படிச் சொல்வேன்? நான் பேசாமலிருக்க, பிசாசு பிடிவாதம் பண்ணுகிறது என்று சத்தம் இன்னும் கூடியது. ஜெப எண்ணெயை ஊற்றுவதற்காக ஒரு அக்கா கரண்டியால் என் பல்லை நெம்பினாள்.

என் புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. எல்லாம் காதில் விழுகிறது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நானும் போவேன், வயிற்றிலிருக்கிற உயிரும் போகும். அந்தப் பயத்தை எதிரிக்கும் கொடுக்கவேண்டாம். உள்ளுக்குள் கதறினேன்: “ஆண்டவரே, எனக்கு வாய் இல்லை. நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று யாருக்காவது காட்டும்.”

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மண்டியிலிருந்து ஓடிவந்தார். கரண்டியைத் தட்டிவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார். “கிருபா, நான் பேசறது கேக்குதா? கேட்டா என் கைய அமுக்கு.”

இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அமுக்கினேன்.

“இது பிசாசு இல்ல, என் பொண்டாட்டிதான்!” என்று சொல்லி என்னை வாரித் தூக்கினார். மாங்காய் ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரியிலேயே சித்தூருக்குக் கொண்டுபோனார். மாமியாரும் உபதேசியாரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், “ஏ இஞ்செக்ஷன் வேசாரு?” என்று தெலுங்கில் கேட்டார். என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்கிறார். மாமியார் பயந்துபோய், “ஊசியே போடலீங்க” என்றார்.

“அம்மா, மெய்ய சொல்லு. உசுரு போய்க்கினு இருக்குது” என்று வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாந்திக்கு ரெண்டு ஊசி” என்று மாமியார் உடைந்து அழுதார்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. டாக்டரம்மா மாற்று ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கழுத்து இளகியது, தாடை விட்டது. என் வாயிலிருந்து முதலில் வந்தது, “பிள்ளை?” என்பதுதான். “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார் அவர். அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால், சின்ன வயசுக்காரர்களுக்குச் சில சமயம் ஒரே ஊசியிலும், இப்படி இழுக்குமாம். முன்னே போட்ட ஊசியையும் கர்ப்பத்தையும் எந்த டாக்டரிடமும் மறைக்கக்கூடாது என்று கண்டித்து அனுப்பினார்.

குறித்த மாசத்தில் பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தாள். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்! அதுமுதல் எங்கள் சபையில் யாருக்கு முடியவில்லை என்றாலும், என்ன மருந்து, என்ன ஊசி என்று கேட்டுவிட்டுத்தான் நான் கண்ணை மூடி ஜெபிப்பேன்.

பிரியமானவர்களே, நம் ஆண்டவர் வாய் திறக்க முடியாதவளின் ஜெபத்தையும் கேட்கிறவர். அவரைத் தைரியமாக நம்புங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் ஜெபிக்கலாம். அவரும் நம்மோடு ஓடிவருவார்.