ஏற்றத்தில் நின்றுபோகும் கார்

சனிக்கிழமை காலை அக்கா தன் மெக்கானிக் கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தாள். அதற்குள் ஓர் இழுவை வண்டி பின்பக்கமாக ஊர்ந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முதுகில் சிவப்பு நிறத்தில், இரண்டே சீட்டு வைத்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். அக்கா நம்பரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் காரில் இருக்கிற ஒவ்வொரு நட்டும் அவளும் அவள் கணவனும் முடுக்கியது.

இழுவை வண்டியின் முன்சீட்டிலிருந்து நாத்தனார் இறங்கினாள்.

இருவரும் முகம் பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் கணவன் மாரடைப்பில் போன எட்டாம் நாள், நாத்தனார் ஒரு டிரைவரோடு வந்து இந்தக் காரைக் கிளப்பிக்கொண்டு போனாள். குப்பையாகக் கிடந்த வண்டியை வாங்கிய அன்று அண்ணன்காரன் வெளியூரில் இருந்ததால் பதிவு தங்கை பேரில் நடந்திருந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தவன் மாற்றாமலே போய்ச்சேர்ந்தான். "பேப்பர் என் பேர்ல இருக்கு" என்ற ஒரே வாக்கியத்தோடு நாத்தனார் அன்று காரியத்தை முடித்துவிட்டாள். அவளுக்குக் கோர்ட்டில் சாட்சிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வேலை. மெதுவாகப் பேசினாலே அடுத்த மாடிக்குக் கேட்கும்.

அக்கா தெருவில் எல்லோருக்கும் 'மெக்கானிக் அக்கா'. உதிரிபாகக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், எந்தப் பாகம் எந்த வண்டியில் எங்கே உட்காரும் என்று தெரியாமல் பில் போடப் பிடிக்காமல், தானே கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக இதே தொழில். கார்புரேட்டர் என்றால் இந்தப் பக்கத்தில் இவள்தான். புகைக்குழாய்ப் பக்கம் மூக்கை நீட்டி, பெட்ரோல் கூடவா குறையவா என்று சொல்லிவிடுவாள். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே நாத்தனார் அண்ணனிடம், "கிட்டப் போனா பங்க் வாசனை அடிக்குதே, இவளைத்தான் கட்டணுமா?" என்று கேட்டவள். அது அக்காவின் காதில் விழும்படிதான் கேட்டாள்.

"வேற கடை பாரு" என்றாள் அக்கா, கதவை மீதித் தூரம் தூக்கிக்கொண்டே.

"நாலு கடை பாத்தாச்சு அண்ணி. கடைசி ஆளு சொன்னான், வண்டியைக் கட்டினவங்களாலதான் இதைக் கண்டுபிடிக்க முடியும்னு. எனக்கு மட்டும் இங்க வர ஆசையா என்ன?"

"ஆசை இல்லாத இடத்துக்கு ஏன் வரணும்? திருப்பிக் கொண்டு போ."

"கொண்டு போறேன். நாளைக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிடறேன். மிஷின்ல வச்சு நசுக்கட்டும். ஏத்தத்துல மட்டும் நின்னு போற வண்டியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அக்காவின் கை கதவிலேயே நின்றது. இரும்புக்காரன் மிரட்டல் அவளை ஒன்றும் செய்யவில்லை. 'ஏற்றத்தில் மட்டும்' என்ற இரண்டு வார்த்தைதான் தூண்டில் மாதிரி மாட்டிக்கொண்டது.

"நின்னா மறுபடி எப்போ கிளம்பும்?"

"பத்து நிமிஷம் சும்மா விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். உங்களை மாதிரி."

"இறக்கு வண்டியை" என்றாள் அக்கா, இழுவை வண்டிக்காரனிடம்.

நான்கு கடைக்காரர்களும் செய்ததை நாத்தனார் குற்றப்பத்திரிகை மாதிரி வாசித்தாள். ஒருவன் இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தான். ஒருவன் பெட்ரோல் பம்பைப் புதிதாக மாற்றினான். மூன்றாமவன் ஃபில்டரை மாற்றி, டேங்க்கில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். நாலாமவன் டேங்க்குக்குப் போகிற குழாயில் காற்றடித்து, அடைப்பு இல்லை என்று கையை விரித்தான்.

"அப்போ எல்லாரும் எல்லாத்தையும் பண்ணிட்டாங்க" என்றாள் நாத்தனார். "மிச்சம் இருக்கிறது உங்க திறமைதான்."

அக்கா பானெட்டைத் தூக்கினாள். முதலில் பற்றவைக்கும் பக்கத்தைப் பார்த்தாள். பொறி நீலமாக, ஒழுங்காக அடித்தது. கோளாறு அங்கே இல்லை. பிறகு பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயை அறுத்து நடுவில் ஓர் அழுத்தமானியைச் சேர்த்து, அதன் ரப்பர் வாலை நீளமாக இழுத்து, மானியை முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினாள். முள் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும். பெட்ரோல் உள்ளே வரக்கூடாது.

"ஏறு" என்றாள்.

"நானா?"

"நான் ஓட்டணும். முள்ளைப் படிக்க ஒரு ஆள் வேணும். நம்பரை மட்டும்தான் படிக்கணும், கருத்து சொல்ல வேண்டாம்."

இரண்டு பெண்களும் அந்தக் குட்டிக் காரில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கியர் மாற்றும்போதெல்லாம் அக்காவின் முழங்கை நாத்தனாரின் விலாவில் பட்டது. இரண்டு மூன்று தடவை அது தற்செயல்தான்.

மருத்துவமனைக்குப் பின்னால் ஏறுகிற நீண்ட மேட்டுச் சாலைக்குப் போகிறவரை கார் வழுவழுவென்று ஓடியது.

"மூணு. மூணு. மூணுதான் இருக்கு" என்று கத்தினாள் நாத்தனார், சாட்சியைக் கூப்பிடுகிற அதே குரலில்.

"பக்கத்துலதான் இருக்கேன்."

"தெரியுது. எங்கண்ணன் இருந்தவரைக்கும் இந்தப் பக்கத்து சீட்டுல நான் ஒரு தடவைகூட உக்காரலை. நீங்க விடலை."

"நீ கேக்கலை."

"கேட்டேன். 'பெயிண்ட் காயல'ன்னு சொன்னீங்க. ஒரு வருஷமாவா காயும் பெயிண்ட்டு?"

அக்காவுக்குக் காது சூடானது, ஏனென்றால் அது உண்மை. ஆக்சிலேட்டரை மிதித்தாள். மேடு செங்குத்தாக ஏறத் தொடங்கியது.

"அவர் போன எட்டாம் நாள் வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போனியே, அப்போ காஞ்சிடுச்சா?"

"வேற என்ன கிடைச்சுது எனக்கு? வீடு உங்களுக்கு, கடை உங்களுக்கு, அவன் போட்டோகூட உங்க சுவத்துல. அவன் கை பட்ட ஒரு பொருள் நான் எடுத்தா... ரெண்டரை! ரெண்டு! ஒண்ணரை!"

முள் சரிந்துகொண்டே வந்தது. அக்கா பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கை வெளியே இழுத்தாள். ஒரு கணம் எஞ்சின் தெம்பாக உறுமி, மறுபடி விக்கியது. பெட்ரோல் போதாமல்தான் சாகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அக்கா பின்னால் பம்பு இருக்கிற டிக்கிப் பக்கம் தலையைத் திருப்பினாள். ஏற்றத்தில் இந்தப் பம்பு படபடவென்று அடிக்க வேண்டும். இதுவோ மூச்சுத் திணறுகிறவன் மாதிரி இழுத்து இழுத்து அடித்தது. டக். டக்... டக்.

"பூஜ்யம்" என்றாள் நாத்தனார். கார் நின்றது.

பின்னால் ஒரு சிமெண்ட் லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே ஒதுங்கிப் போனது. டிரைவர் தலையை நீட்டி இருவரையும் ஏதோ திட்டினான். நாத்தனார் இறங்கி நின்று அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள். மருத்துவமனை ஜன்னல்களில் நாலைந்து தலை எட்டிப்பார்த்தது.

அக்கா டேங்க் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று உறிஞ்சுகிற சத்தம் கேட்கவில்லை. மூடியில் இருக்கிற மூச்சுத்துளை அடைபடவில்லை என்று அர்த்தம். பிறகு டிக்கியைத் திறந்து, டேங்க்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயைப் பம்பின் வாயிலிருந்து உருவி அடைத்துவிட்டு, தான் கொண்டுவந்த வேறொரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு பெட்ரோல் கேனுக்குள் விட்டுக் கட்டினாள். இப்போது கார் டேங்க்கிலிருந்து குடிக்கவில்லை, கேனிலிருந்து குடித்தது.

அப்படியே மேட்டின் உச்சிவரை ஏறியது. முள் மூன்றிலேயே நின்றது.

கோளாறு டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில். நடுவில் இருப்பது ஒரு முழ இரும்புக் குழாயும் ஒரு சாண் ரப்பர் குழாயும் மட்டும்தான். கடைக்கு வந்ததும் அக்கா காரைத் தூக்கிவைத்து, பம்பு முனையிலிருந்து டேங்க் பக்கமாகக் காற்றடித்தாள். தங்குதடையில்லாமல் போனது, டேங்க்குக்குள் குமிழி விடுகிற சத்தம் கேட்டது. நாலாமவன் இங்கேதான் ஏமாந்திருக்கிறான். அக்கா ரப்பர் குழாயைக் கழற்றி, பெட்ரோலை வடித்துவிட்டு, பம்பு உறிஞ்சுகிற அதே முனையை ஒரு கைப்பம்பில் மாட்டி, மெதுவாக இழுத்தாள். காற்று வந்தது. வேகமாக இழுத்தாள். குழாய் கப்பென்று வாயை மூடிக்கொண்டது.

பிளேடால் அதை நீளவாக்கில் கிழித்தாள். வெளியே புதுக்குழாய் மாதிரி பளபளப்பு. உள்ளே ரப்பரின் உள்தோல் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. காற்றடித்தால் நாக்கு ஓரமாகப் படுத்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டினாலும் ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் பம்பு பலமாக உறிஞ்சும்போது நாக்கு எழுந்து வழியை அடைக்கும். பத்து நிமிஷம் விட்டால் தளர்ந்து விழும்.

கண்டுபிடித்த சந்தோஷம் அக்காவுக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. குழாயின் முதுகில் ஒரு மஞ்சள் கோடு ஓடியது. அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் அவள் வாங்கிய சுருள். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் போதுமானது. இப்போது வருகிற பெட்ரோல் அதன் உள்தோலைத் தின்றுவிடும். அன்று சரியான குழாய் கிடைக்கவில்லை. கணவன், "ரெண்டு நாள் காத்திருக்கலாமே" என்றான். அவள்தான், "இது போதும், மாட்டு" என்றாள்.

நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான்கு கடைக்காரர்கள் கை வைத்த வண்டி. யார் தலையில் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். மஞ்சள் கோட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

"இதுதான்" என்று குழாயை அவள் மடியில் போட்டாள் அக்கா. "நான் போட்ட குழாய். தப்பான குழாய். மத்தவங்க மேல தப்பில்லை."

நாத்தனாரின் கால் ஆட்டம் நின்றது. குழாயின் நாக்கை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"நீங்க போட்டதா?"

"நான்தான்."

"சிமெண்ட் லாரி என் மேல ஏறியிருந்தா?"

"ஏறியிருக்கும்."

"அப்போ இத்தனை நாள் என் உயிருக்கு உலை வச்சது நீங்கதான்! நான் சொன்னப்போ எங்கண்ணன் கேட்டானா? பெரிய மெக்கானிக், பெரிய மெக்கானிக்னு தலையில தூக்கி வச்சு ஆடினான்!"

"கத்து. முடிச்சிட்டுச் சொல்லு, சரியான குழாய் மாட்டணும்."

நாத்தனார் கத்தினாள். தெருவில் எதிர்க்கடைத் தையல்காரர் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார். அக்கா அதற்குள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டாள். கண் கலங்கியதா பெட்ரோல் நெடி ஏறியதா என்று அவளுக்கே தெரியவில்லை. புதுக் குழாய் மாட்டி, மறுபடி அதே மேட்டில் இரண்டு தடவை ஏற்றி இறக்கிக் காட்டினாள். சாவியை நாத்தனாரின் கையில் கொடுக்காமல் பானெட்டின் மேல் வைத்தாள். நாத்தனார் எடுத்துக்கொண்டு, கிழித்த குழாயையும் பையில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனாள்.

ஒரு வாரத்துக்குள் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டார்கள். ஓரகத்தி போன் போட்டு, "அவ உன்னைக் கொலைகாரின்னு சொல்றா, நீ சும்மா இருக்கியே" என்று ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அக்கா, "குழாய் என்னோடதுதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவளுக்கு வேறு வேலை இருந்தது. பழைய வேலைப் புத்தகத்தைப் புரட்டி, அந்த மஞ்சள் கோட்டுச் சுருளிலிருந்து குழாய் வெட்டிப் போட்ட மற்ற வண்டிகளை எல்லாம் பட்டியல் எடுத்தாள். மொத்தம் ஏழு. ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டு, தப்பு தன்னுடையது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றாள். ஒரு பல் டாக்டர் சிரித்தார். ஒரு கல்யாண போட்டோகிராபர், "இத்தனை வருஷம் கழிச்சா சொல்றீங்க? உங்களை நம்பிக் குழந்தைங்களை ஏத்திட்டுப் போயிருக்கேன்" என்று கடை வாசலில் நின்று திட்டி, வண்டியைத் தொடவே விடாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். அதோடு அவர் மட்டும் போகவில்லை. அவர் அழைத்துவரும் ஆட்களும் நின்றுபோனார்கள். ஆறு குழாய்களைக் கிழித்ததில் மூன்றில் உள்தோல் உரியத் தொடங்கியிருந்தது.

நாத்தனாரோடு இன்றுவரை சமாதானம் என்று ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் பிரேக் கிறீச்சிடுகிறது என்று காரைக் கொண்டுவந்து, வாசலிலேயே நின்று ஹாரன் அடித்தாள். அக்கா வெளியே வந்தாள்.

"உள்ள கொண்டு வா. கொலைகாரி கடைக்கு வர பயமா இல்லையா?"

"ஒத்துக்கிற கொலைகாரி நீங்க ஒருத்திதான்" என்றாள் நாத்தனார். "இந்தத் தடவை பக்கத்துல நின்னு பாப்பேன். ஒவ்வொரு ஸ்க்ரூவும் பாப்பேன்."

"பாரு. வெளிச்சத்தை மறைக்காம பாரு."

நாத்தனார் வேண்டுமென்றே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.