பாதி வாய்ப் பேச்சு

முதலில் போனது ஆலைச் சங்குதான். வலக் காது தலையணையில் அழுந்தப் படுத்திருந்தபோது, ஊரையே எழுப்பும் அந்தச் சங்கு எனக்குக் கேட்கவில்லை. மகள் செல்விதான் உலுக்கி எழுப்பினாள்.

"சங்கு ஊதி எம்மா நேரம் ஆவுது! செவிடாம்மா நீ?"

செவிடுதான், அதற்கென்ன? பஞ்சாலையில் வேலை பார்த்த எங்களில் யாருக்குக் காது நன்றாக இருந்தது? இடக் காதில் வண்டு குடைவதுபோல் ஓயாத இரைச்சல் வந்தபோதும், மெஷின் கொடுத்த சீர் என்று விட்டுவிட்டேன். நடக்கும்போது சுவரோரம் சாயத் தொடங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஆலைச் சத்தம் ரெண்டு காதையும்தாம்மா தின்னும். ஒண்ணு மட்டும் போனா அது வேற" என்றார் புதுச்சேரி டாக்டர். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு பேச்சை மனதில் வையுங்கள்.

மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்துச் சொன்ன பெயர் அக்கூஸ்டிக் நியூரோமா (காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வளரும் கட்டி). புற்று இல்லை. ஆனால் மண்டையோட்டின் அடியில், மூளையை நெருக்கிக்கொண்டு இருந்தது. முக நரம்பு (கண்ணையும் உதட்டையும் அசைக்கும் நரம்பு) அதோடு ஒட்டிக் கிடந்தது.

"முழுசா எடுத்தா இடது பக்க முகம் அசையாமப் போகலாம். நரம்பு மேல கொஞ்சம் விட்டுவச்சா முகம் தப்பிக்கலாம், ஆனா கட்டி திரும்ப வளரலாம். எப்படின்னாலும் உயிருக்கு ஆபத்து உண்டு. யோசிச்சிச் சொல்லுங்கம்மா" என்றார் பெரிய டாக்டர்.

"யோசிக்க என்னா இருக்கு? முழுசா எடுத்துடுங்க. இந்த மூஞ்சிய வச்சிகினு சினிமாவுலயா நடிக்கப் போறேன்?"

டாக்டர் சிரித்துவிட்டார். செல்வி சிரிக்கவில்லை. "நாளைக்கிச் சொல்லேம்மா" என்றாள். என் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

ஆபரேஷனில் கட்டி முழுதும் வந்துவிட்டது. கண் விழித்தபோது இடக் கண் மூடவில்லை, குடித்த தண்ணீர் கடைவாயில் ஒழுகியது. மூக்கிலும் நீர் சொட்டியது. (மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிவது அது. சளி என்று சிந்திவிடாதீர்கள், உடனே சொல்லுங்கள்.) அசையாமல் படுக்கவைத்தே அதை நிறுத்தினார்கள்.

பிறகு வேலைக்குப் போனேன். தறி இரைச்சலில் எங்கள் ஆலையில் யாரும் குரலால் பேசுவதில்லை, உதட்டசைவுதான் பேச்சு. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மேஸ்திரியைப் பற்றி இந்தக் கோடியில் நான் ஒன்று சொன்னால், அந்தக் கோடியில் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் எதிர் மெஷின் கோவிந்தம்மாவிடம் ஒன்று சொன்னேன். அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"என்னாடி, வாயில வெத்தலய அடக்கிகினு பேசற?"

அவள் உதடு எனக்கு நன்றாகப் புரிந்தது. என் உதடுதான் அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவள் சும்மா தலையாட்டிவிட்டு நூலைப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு மெஷினண்டை நான் வாயைத் திறக்கவில்லை.

உயிர் கொடுத்த டாக்டர் மேல் குறையில்லை. எங்களுக்கு உதடுதான் குரல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவுமில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் விட்டுவைத்திருப்பாரோ, என்னவோ. நீங்கள் போனால் நோயை மட்டும் சொல்லாதீர்கள். இந்த உடம்பை வைத்து என்ன செய்து பிழைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஆலையை விட்டு வெகு காலம் ஆயிற்று. படுக்கும்போது இடக் கண்ணை விரலால் இழுத்து மூடி, பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறேன். சில மத்தியானம் வேண்டுமென்றே வலக் காதைத் தலையணையில் அழுத்திக்கொள்வேன். தெருச் சத்தமெல்லாம் நின்றுவிடும். இடக் காதில் அந்த இரைச்சல் மட்டும் இருக்கும், ஆலைக்குள் நிற்பது போல. கோவிந்தம்மாவிடம் அன்றைக்குச் சொல்ல வந்ததை உதட்டால் சொல்லிப் பார்ப்பேன்.

வலப் பக்கம் சொல்லி முடித்துவிடுகிறது. இடப் பக்கம் இன்னும் தொடங்கவில்லை.