கொதித்த சூப்

ஸ்காபரோவில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொழுக்கட்டை போன்ற டம்ப்ளிங்கைக் கடித்ததும் உள்ளேயிருந்த சூப் நாக்கைச் சுட்டது. அந்த இஞ்சி மணத்தில் எங்கள் பழைய பார்க்டேல் அப்பார்ட்மென்ட் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் சிறுமி. அம்மா ஒரு சீனக் கடையில் கோப்பை கழுவினா. ஒருநாள் அங்கே மிஞ்சிய, பன்றி இறைச்சி வைத்த டம்ப்ளிங்குகளைக் கொண்டுவந்து சூப்பில் கொதிக்க வைத்தா.

"பண்டி இறைச்சியோ எனக்குத் தாறாய்?" என்று கத்திய அப்பா, அவவின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்து இரத்தம் வழிந்தது. நான் வீரிட்டு அழ, என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா அடுப்பிலிருந்த சூப்பைத் தூக்கி அவர் முதுகில் ஊற்றினா. அப்பா அலறி விழுந்தார்.

"பிள்ளையைத் தொட்டால் கொல்லுவன்!"

அன்றே என்னைத் தூக்கிக்கொண்டு வெளியேறினா.

"அதை நினைச்சு எப்பவாவது கவலைப்பட்டனீங்களோ அம்மா?" என்று இப்போது கேட்டேன்.

"ஓம்," என்றா. "முதல் அடிக்கே ஊத்தியிருக்க வேணும்."