நல்லா ஒச்சிந்தா?

என் பத்திரிகை வேலைக்காக லோத்குண்டாவில் நாங்கள் குடியேறிய கட்டடத்தில் ஆறு வீடுகள். குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணி நேரம் வரும். வாட்ச்மேனின் மனைவி கீழே நின்று வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். வீட்டுக்குப் பத்து நிமிடம். எங்கள் முறை ஐந்தாவது.

மூன்றாம் மாடிக் குழாயில் முதலில் காற்று மட்டும் சீறும். தண்ணீர் எட்டிப் பார்த்து, ஒரு குடம் நிறைவதற்குள் நின்றுவிடும். போர் தண்ணீர் ஒரே உப்பு.

"அதுல பால் கலக்குனா பிள்ள துப்புதா," என்றாள் மனைவி. "இந்த வாரமும் இப்படின்னா அவளத் தூக்கிட்டு பாளையங்கோட்டைக்குப் போயிருவேன்."

வால்வைத் திறந்ததும் வாட்ச்மேனின் மனைவி மேலே பார்த்து, "நல்லா ஒச்சிந்தா சார்?" என்பார். தெலுங்கில் ஒச்சிந்தி என்றால் வந்தது என்று அதற்குள் கற்றிருந்தேன். மீதியைத் தமிழாகவே எடுத்துக்கொண்டேன். புதிதாக வந்தவர்களை நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, "ஒச்சிந்தி அம்மா, ரொம்ப நல்லா ஒச்சிந்தி" என்று பால்கனியிலிருந்து சிரிப்பேன்.

ஒரு காலை அதை எதிர் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கேயே பிறந்த தமிழர்; பேச்சில் உள்ளூர் இந்தி கலந்திருக்கும்.

"கைக்கு சார், எதுக்குப் பொய் சொல்றீங்க? தண்ணியே வரல, வந்துச்சுன்றீங்க?"

"நான் எப்பங்க சொன்னேன்?"

"இப்பதான். நல்லான்னா இங்க கொழா சார்! கொழால தண்ணி வந்துச்சான்னு கேக்குது அந்தம்மா. நீங்க ஆமான்னதும் பத்து நிமிசம் ஸ்டார்ட்."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. என் மனைவி சிரிக்கவில்லை. "பத்திரிகைக்காரராம்," என்றாள்.

அடுத்த முறை, வரவில்லை என்பதற்கு "ராலேது" என்றேன். ஏழு நிமிடம் காற்று, பிறகு முழுதாகப் பத்து நிமிடம் தண்ணீர். நான்கு குடங்கள் நிறைந்தன. மகள் பாலை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

ஆறாவதான கடைசி முறை எதிர் வீட்டுக்காரருடையது. அவர் குடம் பாதி நிறைவதற்குள் தண்ணீர் நேரம் முடிந்துவிட்டது. நாங்கள் இழந்துவந்த நிமிடங்கள் இத்தனை நாள் அவருக்குத்தான் போயிருக்கின்றன.

"எங்ககிட்ட சொன்னா உங்களுக்குக் குறையும்னு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஹவ், ஆமா. தெரியாம என்ன?"

மனைவி ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"நக்கோம்மா, வேணாம், குழந்த இருக்கிற வீடு."

அவள் நிற்காமல் சமையலறை வரை போய் இறக்கி வைத்தாள். அதன்பின் மூன்றாவது குடம் நிறைந்ததுமே, "போதும், மூடிருங்க" என்று கீழே குரல் கொடுப்பதும் அவள்தான்.